ராத்திரிக்கு என்ன?

சாயங்காலம் ஆறரை மணிக்கு மருமகள் அலுவலகத்திலிருந்து அழைப்பாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. கப்பலுக்குச் சரக்குப் போகும் வாரம் என்றால் குரலிலேயே களைப்புத் தெரியும். “அத்தை, ராத்திரிக்கு என்னங்க பண்றது?” என்பாள். நான் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். மாவு இருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இல்லையென்றால் அடுத்த பத்து நிமிடம் பேச்சு நடக்கும். சப்பாத்தியா, சேவையா, ரவையா, கடையில் வாங்கிக்கொள்ளலாமா.

கட்டிலில் படுத்திருக்கும் என் அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. இந்தப் பேச்சைக் கேட்டு ஒருநாள் சிரித்தாள். “எங்க காலத்துல இதைக் கேக்கறக்கு ஆளு ஏது கண்ணு?” என்றாள்.

உண்மைதான். பல்லடத்துக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமியில், 1970களில், ராத்திரிக்கு என்ன என்பது கேள்வியே இல்லை. கம்பு இருந்தால் கம்மஞ்சோறு, ராகி இருந்தால் களி, சோளம் இருந்தால் சோளச்சோறு. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்போ கீரைக் கடைசலோ பச்சைப்புளிச் சாறோ இருக்கும். நெல்லஞ்சோறு அமாவாசைக்கும் நோம்பிக்கும், ஒரம்பரை வந்தாலும். காட்டில் எது விளைந்ததோ அதுவே அடுப்பிலும் ஏறியது. யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உடம்புதான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

அந்த வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பொழுது சாயக் காட்டிலிருந்து வரும் அம்மா முதலில் கிணற்றுக்குப் போவாள். இரண்டு குடம் தண்ணீர் வந்தபிறகு எருமையைக் கறப்பாள். பிறகுதான் கம்பு. முறத்தில் கொட்டி நீர் தெளித்துப் பிசறி வைத்திருப்பதை உரலில் போட்டு உலக்கையால் குத்துவாள். உமி கழன்றதும் புடைப்பாள்; மறுபடியும் குத்தி நொய்யாக்குவாள். பக்கத்துச் சாளை அத்தை வந்து சேர்ந்துகொண்டால் இரண்டு உலக்கைகள் மாறி மாறி விழும், வேலை பாதி நேரத்தில் முடியும். அதன்பின் அடுப்பு. விறகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பருத்திமாறும் சோளக்கட்டையும் காய்ந்த தென்னை மட்டையும்தான். பருத்திமாறு குப்பென்று பிடித்துச் சட்டென்று அணையும். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் பருத்திமாறு, நடுவே ஊதாங்குழல். அடிப்பிடிக்காமல் கிண்டி இறக்கும்போது சிம்னி விளக்கு ஏற்றி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உரலில் முதல் உலக்கை விழுந்ததிலிருந்து வட்டலில் முதல் உருண்டை விழும்வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

நேற்று எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆன நேரம் இருபத்தைந்து நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். தோசை, பொட்டுக்கடலைச் சட்னி.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அன்று பெரும்பாலான உழவர் வீடுகளில் நாளைக்கு ஒருமுறைதான் அடுப்பு எரியும்; அது இரவில் எரியும். மிஞ்சிய கம்மஞ்சோற்றை உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். மதியத்துக்குத் தூக்குப்போசியில் அதுவே காட்டுக்கும் போகும். சின்ன வெங்காயமும் மிளகாய் வத்தலும் இருந்தால் போதும். இரவுச் சமையல்தான் அடுத்த நாளின் மூன்றில் இரண்டு பங்குச் சாப்பாடு.

இன்று அது தலைகீழாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்கு ஒரு டப்பா, அலுவலகத்துக்கு இரண்டு டப்பா, வீட்டிலிருக்கும் எங்களுக்குக் குழம்பு, பொரியல் என்று எல்லாமே காலையில். இரவு வருவது மீதமும் அவசரமும். காலைச் சாம்பாரைச் சூடுபண்ணினால் இட்லிக்கு ஆயிற்று. அன்று இரவு சமைத்ததைக் காலையில் உண்டார்கள். இன்று காலையில் சமைத்ததை இரவில் உண்கிறோம். ஒரு பழக்கம் இவ்வளவு முழுதாகத் திரும்பிக்கொண்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பழையதைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கம்மஞ்சோற்றின் வாசம் நினைவில் நிற்பதுபோல் புகையின் எரிச்சல் எனக்கு நிற்கவில்லை, ஏனென்றால் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். புகைக்குள் இருந்தவள் அம்மா. இன்றைக்கும் மார்கழியில் அவள் இருமுவது அந்த இருமல்தான். ஆண்கள், பிள்ளைகள், கடைசியில் பெண்கள் என்பது சாப்பாட்டு வரிசை. மழை பொய்த்த வருடங்களில் அந்தக் கடைசி ஆளுக்குச் சோறு இருந்தாலும் தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது. உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு அம்மா சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவளுக்கு அது பிடிக்கும் என்று நான் அப்போது நம்பினேன்.

1980களின் கடைசியில் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். பம்ப் ஸ்டவ்தான் முதலில். அடைத்துக்கொண்டால் குத்தியெடுக்க ஒரு பின், மண்ணெண்ணெய்க்கு ரேஷன் வரிசை. கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது, எம்.பி. கோட்டாவில் வாங்கித் தருவதாகச் சொன்னவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்குள் வந்த அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். பிரஷர் குக்கர் எங்களிடம் வந்துசேரவும் ஏறக்குறைய அந்தக் காலம்தான் ஆனது. 1950களின் கடைசியிலேயே ஹாக்கின்ஸும் பிரெஸ்டீஜும் இந்தியாவில் குக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முப்பது வருடம் அது வேறு யாருடைய அடுப்பிலோ விசிலடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

கிரைண்டரின் கதை இன்னும் நெருக்கமானது. மின்சாரத்தில் ஓடும் ஆட்டுக்கல்லை 1955இல் உருவாக்கியவர் கோயம்புத்தூர்க்காரரான சபாபதி. எங்கள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள். ஆனாலும் அம்மா 1980கள் முடியும்வரை கையால்தான் ஆட்டினாள். ஒரு இயந்திரம் பிறப்பதற்கும் அது ஒருத்தியின் தோள்வலியைக் குறைப்பதற்கும் நடுவே காசு என்ற தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் தமிழ்நாட்டில் பெரிதும் சுருக்கியது 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம். அதைப் பற்றி அரசியல் பேசுகிறவர்கள் பேசட்டும். ஆட்டுக்கல்லின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

இப்படித்தான் தோசை இரவுக்கு வந்தது. என் சிறுவயதில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல், ஒரம்பரை. வருடத்துக்கு நாலைந்து நாள் இருக்கலாம். இன்று வாரத்துக்கு நாலைந்து நாள். பண்டிகைப் பலகாரம் ஒன்று, களைத்தவர்களின் சாப்பாடாக இறங்கி வந்துவிட்டது. அதற்குக் கிரைண்டர் பாதிக் காரணம், குளிர்பெட்டி மீதிக் காரணம். புளிப்பைத் தள்ளிப்போட முடிந்ததால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிய மாவு புதன்கிழமை வரை நிற்கிறது. அந்த மாவுக்கு ஒரு ஆயுள் இருக்கிறது. புதிதாகப் பொங்கிய திங்கள் அன்று இட்லி. செவ்வாய் தோசை. புதனன்று புளிப்புத் தட்டும். வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ ஆக்கினால் புளிப்பே ருசியாகிவிடும். அதற்குமேல் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. நாம் பேச வேண்டாம்.

சந்தகையும் அப்படித்தான் மாறியது. புழுங்கலரிசி ஊறவைத்து, ஆட்டி, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரத்தில் இட்டு இரண்டு பேர் அழுத்திப் பிழிய வேண்டும். மாப்பிள்ளை விருந்துக்குத்தான் அந்தப் பாடு. இன்று காய்ந்த சேவை பாக்கெட்டில் வருகிறது. கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம், வடித்து, எலுமிச்சை பிழிந்தால் முடிந்தது. ருசி அதே இல்லை. இல்லை என்பதை அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள், சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பாள்.

மாவை ஆட்டுகிற வீடுகள் இப்போது எங்கள் தெருவில் குறைந்துவிட்டன. தெருமுனையில் மாவுக்கடை வைத்திருக்கும் அக்கா மதியம் அரிசியைக் கழுவி, சாயங்காலத்துக்குள் ஆட்டிக் கிலோக் கணக்கில் பாக்கெட் போட்டுவிடுகிறார். நாலுக்கு ஒன்று அரிசியும் உளுந்தும், கொஞ்சம் வெந்தயம். ஏழு மணிக்கு மேல் அந்தக் கடையில் நிற்பவர்களைப் பார்த்தால் இந்த ஊரின் இரவுச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று விளங்கிவிடும். பனியன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஒரு கையில் டிபன் கூடையும் மறு கையில் மாவு பாக்கெட்டுமாகப் பெண்கள். அந்த அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், உங்கள் வீட்டில் இரவு என்ன சாப்பாடு என்று. “சோறுதானுங்க. மாவைப் பாத்துப் பாத்துத் தோசைன்னாலே வேண்டாம்னு இருக்குது” என்றார். எங்கள் வீட்டு உரலிலிருந்து காணாமல் போன வேலை எங்கே போனது என்று யாராவது கேட்டால், ஒரு பகுதி மின்சாரத்துக்கு, ஒரு பகுதி அந்த அக்காவின் இடுப்புக்கு என்று சொல்வேன்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறாள். திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை. நாட்டில் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்கிறது. அவர்களில் எங்கள் ஊரில் இருப்பவர்கள் பலர் எட்டு, எட்டரை, ஒன்பதுக்கு வீடு திரும்புகிறார்கள். அம்மா காட்டிலிருந்து வந்தது பொழுது சாயும்போது. இவள் வருவது பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து. அம்மாவுக்குச் சமையலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. இவளுக்கு அது கிடையாது. ஆகவே இருபத்தைந்து நிமிடத் தோசையை வசதி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. மிச்சமான நேரம் அவளுக்கு ஓய்வாகத் திரும்பி வரவில்லை. பனியன் தையலுக்குப் போய்விட்டது. கைக்குக் கூலி வருகிறது. அது அம்மாவுக்கு வராதது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

மத்திய அரசு எடுக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இரண்டு எண்கள் என்னை நிறுத்தின. சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் 2019இல் 299 நிமிடம், 2024இல் 289. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கு 97 நிமிடமாக இருந்தது 88 ஆகியிருக்கிறது. அந்த 88ம் எல்லா ஆண்களுக்குமானது இல்லை. வீட்டுவேலையில் கைவைத்த ஆண்களுடைய கணக்கு மட்டும். அப்படிக் கைவைத்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். மிக்சி, கிரைண்டர், குக்கர், கேஸ், மாவு பாக்கெட், இத்தனையும் வந்த பிறகும் ஐந்து மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் குறைவு.

தோசையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கம்மஞ்சோறும் களியும் ஒரே பானையில் ஆகி இறங்குபவை. நினைத்திருந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் வழக்கம் விடவில்லை. இன்று வழக்கம் தளர்ந்திருக்கிறது, சேர்ந்து உண்ணலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் தோசை விடுவதில்லை. அது ஒவ்வொன்றாகத்தான் வரும், சூடாகத்தான் நன்றாயிருக்கும். முதல் தோசை பேரனுக்கு, அடுத்தது மகனுக்கு, முறுகலாக ஒன்று எனக்கு, மெத்தென்று ஒன்று அம்மாவுக்கு. ஒன்பதரை மணிக்கு மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, மேடையில் சாய்ந்து நின்றபடி, பாத்திரத்தில் வழித்தெடுத்த மாவில் சுட்ட வடிவமில்லாத கடைசித் தோசையைச் சாப்பிடுகிறாள். சட்னி தீர்ந்திருந்தால் இட்லிப்பொடி. அம்மாவின் உப்பும் மிளகாயும் எனக்கு ஞாபகம் வருவது அப்போதுதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1983இல் மேகி இந்தியாவுக்கு வந்தது. இரண்டு நிமிடம் என்று விளம்பரம் சொன்னாலும் யாரும் இரண்டு நிமிடத்தில் செய்து நான் பார்த்ததில்லை. 2014இல் பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியது; சில வருடங்களில் எங்கள் ஊர் வாசல்களிலும் பைக் வந்து நின்றது. முன்பு ஓட்டல் பார்சல் என்றால் வாழையிலையும் செய்தித்தாளும் சணலும். இப்போது பிளாஸ்டிக் டப்பா. கழுவி வைத்துக்கொண்டால் புளி போட்டு வைக்க உதவும். மாதம் மூன்று நாலு முறை நாங்களும் வாங்குகிறோம். இரவு ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நின்று பொட்டலத்தை நீட்டுகிற பையனிடம், நீ சாப்பிட்டாயா தம்பி என்று அம்மா தவறாமல் கேட்பாள். இனிமேத்தானுங்க பாட்டி என்பான். வருகிற பையன் மாறுவான், பதில் மாறாது.

அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம் கொடுத்தது கம்பு. 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது கடைகளில் கம்பு தோசை மிக்ஸ், ராகி சேமியா, சோள அவல் என்று அடுக்கினார்கள். அதில் ஒரு பாக்கெட்டை மகன் வாங்கி வந்தான். விலையைக் கேட்டுவிட்டு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழைகளின் சோறு என்று சொல்லி நெல்லுக்கு மாறியவர்கள் நாங்கள். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிற இந்த மாநிலத்தில், கம்பு இப்போது வசதியுள்ளவர்களின் பண்டம். வீட்டில் செய்தோம். தோசை நன்றாகவே வந்தது. “குத்தறதுக்கு ஆளில்லாம எப்படி உமி போச்சு?” என்பதுதான் அம்மாவின் கேள்வி.

மாறாமல் நிற்கிற ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. அரிசிம்பருப்பு. அரிசி வாய்த்த நாட்களில், காட்டில் வேலை அதிகமாகிப் பொழுது இருட்டிவிட்டால், அம்மா குழம்பு வைக்க மாட்டாள். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒரே சட்டியில் போட்டுவிடுவாள். பருத்திமாற்று நெருப்பில் அது முக்கால் மணி நேரம் எடுத்தது. இன்று குக்கரில் இருபது நிமிடம். பொருள்களில் ஒன்றும் மாறவில்லை. மருமகளுக்குக் கப்பல் வாரம் வந்தால் எங்கள் வீட்டில் இதுதான். ஒரே பாத்திரத்தில் இறங்குவதால் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்கிறோம், அவளும் உட்காருகிறாள். நெய் விட்டு, தயிரும் அப்பளமும் தொட்டுக்கொண்டால் வேறு எதுவும் தேடாது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள். குக்கரில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, ஒரு தக்காளி. வதங்கியதும் மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கொதிக்கும்போது அரிசியையும் பருப்பையும் போட்டு மூடுங்கள். மூன்று விசில். மூன்று வரை எண்ணத் தெரிந்தவர் வீட்டில் யாராக இருந்தாலும் இதை வைக்கலாம்.